நாலாவது அடி யார் கணக்கில்?

கடைவீதிக்காரன்

ஒரு விஷயத்தில் எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. இந்த இணைய மன்றத்தில் வக்கீல்கள், போலீஸ்காரர்கள் எல்லாம் இருப்பதால் கேட்கிறேன்.

என் மச்சினன் விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். போன வாரம் கடை சாத்தும் நேரம். கடன் தர மாட்டேன் என்று சொல்லியிருந்த ஓர் ஆள், நன்றாகக் குடித்துவிட்டு வந்து, பீர் பாட்டிலை வாசல்படியில் உடைத்து, அந்த உடைசலோடு பாய்ந்திருக்கிறான். மச்சினனுக்கு இடது முழங்கைக்குக் கீழே கிழிந்து 7 தையல். கையில் ஷட்டர் இழுக்கிற கம்பி இருந்தது. அதால் திருப்பி அடித்துவிட்டான்.

எதிர்ப்பக்கம் மருந்துக்கடை சிசிடிவியில் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. முதல் அடி மணிக்கட்டில். பாட்டில் தெறித்து விழுகிறது, ஆள் தடுமாறிக் கீழே உட்காருகிறான். அவன் கை மறுபடி பாட்டில் பக்கம் நகரும்போது தோளில் இரண்டாவது அடி. மூன்றாவது காலில், அப்போது அவன் தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். பிறகு மச்சினன் கடையைப் பார்த்து இரண்டு மூன்று எட்டு வைக்கிறான். வைத்தவன் திரும்பி வந்து அதே காலில் இன்னொன்று போடுகிறான். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை 11 வினாடி. அந்த ஆளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு.

இப்போது கேஸும் கவுண்டர் கேஸும். அவன் மேல் 296(பி) (ஆபாசமாகத் திட்டியது), 118(1) (ஆயுதத்தால் காயம்), 351(3) (கொலை மிரட்டல்). மச்சினன் மேல் 296(பி), 118(2) (ஆயுதத்தால் கொடுங்காயம்). "பாட்டிலோடு வந்தவனுக்கு மாலை போட்டா வரவேற்பார்கள்?" என்கிறார் மாமனார். என் மனைவியோ, சொந்தத் தம்பி என்றும் பார்க்காமல், "திரும்பி வந்து அடித்தது தப்புதான்" என்கிறாள். வழக்கு எப்படிப் போகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எந்த இடத்தில் தற்காப்பு முடிந்து பழிதீர்ப்பது ஆரம்பித்தது? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மிளகாய்வத்தல்

எங்கேயும் ஆரம்பிக்கவில்லை. பாட்டிலை உடைத்த நிமிஷமே அவன் கணக்கு முடிந்தது. கையில் ரத்தம் கொட்டும்போது எத்தனை அடி என்று எவனாவது எண்ணிக்கொண்டு அடிப்பானா? ஏசி ரூமில் உட்கார்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது.

நீதிமன்ற வாசல்

மிளகாய்வத்தல் சொல்வதில் பாதியைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. உயிர் பயத்தில் இருப்பவன் ஒவ்வொரு அடியையும் தங்கத் தராசில் நிறுத்து அடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், தாக்கப்படுகிறவன் கோழை மாதிரி ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்றது. ஆபத்து நிஜமாகவே இருந்ததா என்பதுகூட அவ்வளவு முக்கியமில்லை. ஆபத்து இருக்கிறது என்று அவர் நினைத்ததற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும்.

ஆனால் மற்ற பாதி இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் (ஐபிசி) தற்காப்பு பற்றி 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள்தான் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. சரக்கு மாறவில்லை, எண்தான் மாறியது. இவர் கேள்விக்கு நேரான பதில் 40ஆம் பிரிவு. உடலுக்கு ஆபத்து என்ற அச்சம் எப்போது எழுகிறதோ அப்போது உரிமை தொடங்குகிறது. அந்த அச்சம் நீடிக்கும் வரை நீடிக்கிறது. அச்சம் தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்தது. கோபம் தீரும் வரை என்று எங்கேயும் எழுதவில்லை.

37ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காயப்படுத்தக்கூடாது, போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது என்கிறது அது.

ஆகவே நான் அடிகளை எண்ணவில்லை. ஒவ்வொரு அடியின்போதும் பாட்டில் எங்கே இருந்தது, அவன் கை எங்கே இருந்தது என்று பார்க்கிறேன். முதல் இரண்டில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவதற்காக வாதாடுவேன், அதே வேகத்தில் வந்த அடி, பாட்டிலும் பக்கத்தில்தான் கிடக்கிறது. நாலாவதுக்கு என்னிடம் வாதம் இல்லை.

ஹாரோ ராசன்

இதே மாதிரி ஒரு வழக்கு இங்கே பிரித்தானியாவையே கலக்கியது. 2008 செப்டம்பர், நோன்பு மாதம். ஹை விக்கம் என்ற ஊரில் முனீர் ஹுசைன் என்பவர் மனைவி பிள்ளைகளோடு பள்ளிவாசலால் வீடு திரும்பினால், உள்ளே முகமூடியோடு மூன்று பேர். குடும்பத்தையே கட்டிப்போட்டு, கத்தியைக் காட்டி, கொல்லப்போவதாக மிரட்டினார்கள். ஒரு மகன் எப்படியோ தப்பிப் போய் சித்தப்பாவிடம் சொல்ல, அவர் ஓடி வர, ஹுசைனும் விடுபட்டார். கள்ளர்கள் ஓடத் தொடங்கினார்கள்.

அண்ணனும் தம்பியும் துரத்திப் போய் ஒருத்தனைப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் மடக்கினார்கள். கிரிக்கெட் மட்டையாலே அடித்த அடியில் மட்டையே உடைந்துபோனது. அவனுக்கு மண்டையோடு முறிந்து, மூளையில் நிரந்தரப் பாதிப்பு. அவனோ முன்னரே 50க்கு மேற்பட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவன். ஆனால் அந்த மூளைப் பாதிப்பால் வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இல்லை என்று அவன் சிறைக்குப் போகவில்லை. மேற்பார்வை உத்தரவோடு விட்டார்கள். ஹுசைனுக்கு 2009 டிசம்பரில் 30 மாதச் சிறை, தம்பிக்கு 39 மாதம்.

நாடே கொதித்தது. அடுத்த மாதமே மேன்முறையீட்டு நீதிமன்றம் ஹுசைனின் தண்டனையை 12 மாதமாக்கி, அதையும் நிறுத்திவைத்து வெளியே விட்டது. தம்பிக்கு இரண்டு வருடமாகக் குறைத்தது. கவனியுங்கோ, குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது. தண்டனையில் மட்டும்தான் இரக்கம். வீட்டுக்குள்ளே வைத்து அடித்திருந்தால் வழக்கே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

மிளகாய்வத்தல்

50 குற்றம் செய்தவன் வீட்டுக்குப் போனான், குடும்பத்தைக் காப்பாற்றியவன் ஜெயிலுக்குப் போனான். இதை உதாரணமாக வேறு காட்டுகிறீர்கள்!

தேன்மொழி

ராசன் சொன்ன மட்டையைப் படித்ததும் மதுரை ஞாபகம் வந்தது. 2012 பிப்ரவரி. குடித்துவிட்டு வந்த கணவன் சொந்த மகளிடமே அத்துமீற, தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் செத்துப்போனான். அப்போது எஸ்.பி.யாக இருந்த அஸ்ரா கார்க், ஐபிசி 100ஆம் பிரிவைச் சொல்லி அந்த அம்மாவை விடுவித்தார். ஒரு கொலை விவகாரத்தில் போலீஸே இப்படிச் செய்தது அப்போது பெரிய பேச்சு.

இரண்டு இடத்திலும் அதே கிரிக்கெட் மட்டை. மதுரையில் ஆள் செத்தே போனான், ஹை விக்கமில் உயிரோடு இருந்தான். ஆனால் சிறைக்குப் போனவர் ஹுசைன். மதுரையில் அடி விழுந்தபோது மகள் ஆபத்தில் இருந்தாள். ஹை விக்கமில் அடி விழுந்தபோது மனைவியும் பிள்ளைகளும் ஒரு வீட்டில், அடி வாங்கினவன் இன்னொரு வீட்டுத் தோட்டத்தில். எவ்வளவு பலமாக அடித்தார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடைவீதிக்காரரே, உங்கள் மனைவி சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

பழைய ஏட்டு

ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். தெற்கு மாவட்டங்களில்தான் முழு சர்வீசும்.

தம்பி, ஸ்டேஷனில் இதெல்லாம் வேறு மாதிரி ஓடும். அடிதடி என்றால் இரண்டு தரப்பும் ஜி.எச்.சில் போய்ப் படுக்கும். ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பற்றி ஆஸ்பத்திரி எழுதும் பதிவேட்டின் நகல்) இரண்டு வரும். யார் காயம் பெரிதோ அவன் பாதிக்கப்பட்டவன், சின்னக் காயக்காரன் அக்யூஸ்ட் என்று மேலோட்டமாக எழுதிவிடுகிற எஸ்.ஐ.க்கள் உண்டு. எலும்பு முறிவு என்று எக்ஸ்ரே வந்துவிட்டால் 118(2) போடாமல் இருக்க முடியாது. ஆனால் அதோடு வேலை முடிந்துவிடவில்லை. கேஸ், கவுண்டர் கேஸ் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் முதலில் கை வைத்தது என்று கண்டுபிடித்து, அந்தத் தரப்பின் மேல்தான் குற்றப்பத்திரிகை போட வேண்டும். பழைய எண்ணில் போலீஸ் நிலையாணை 588-ஏ, இப்போது 566. வக்கீலை விட்டு இதை எழுத்தில் கேட்க வையுங்கள்.

அப்புறம், எந்த அடியில் எலும்பு முறிந்தது என்று எந்த எக்ஸ்ரேயும் சொல்லாது. மூன்றாவதும் நாலாவதும் ஒரே காலில். இது உங்களுக்குச் சாதகமாகவும் போகலாம், பாதகமாகவும் போகலாம்.

வீடியோவில் குரல் இருக்கிறதா?

கடைவீதிக்காரன்

மருந்துக்கடை கேமராவில் குரல் இல்லை. ஆனால் டீக்கடைப் பையன் செல்போனில் கடைசிப் பகுதியை எடுத்திருக்கிறான். அதில் நாலாவது அடியின்போது மச்சினன் "இனிமே என் கடைப் பக்கம் வருவியாடா?" என்று கத்துவது கேட்கிறது.

பழைய ஏட்டு

அதைத்தான் பயந்தேன்.

மிளகாய்வத்தல்

முதல் வேலையாக அந்தப் பையனிடம் சொல்லி வீடியோவை அழிக்க வை

[பதிவின் மீதி நீக்கப்பட்டது. – சட்டாம்பிள்ளை]

சட்டாம்பிள்ளை (மட்டுறுத்துநர்)

மிளகாய்வத்தல், கடைசி எச்சரிக்கை. சாட்சியத்தை அழிக்க இந்த இழையில் யாரும் யோசனை சொல்ல வேண்டாம்.

நீதிமன்ற வாசல்

நல்ல வேளை. வழக்கில் வரப்போகும் பதிவை வேண்டுமென்றே அழித்தால் அது தனிக் குற்றம், பிரிவு 241. தற்காப்பு என்று நிற்கிறவனுக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

அந்தக் கத்தல் ஏன் முக்கியம் என்று ஏட்டையா விளக்கவில்லை, நான் விளக்குகிறேன். "விடுடா", "கிட்ட வராதே" என்பது இப்போது நடப்பதைத் தடுக்கிற பேச்சு. "இனிமே வருவியா" என்பது நாளைக்கான பேச்சு. நாளை வராமல் இருக்க இன்றைக்கு அடிப்பதை நீதிமன்றம் தண்டனை கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும். தண்டனை கொடுக்கிற அதிகாரம் கடைக்காரருக்கு இல்லை.

மிளகாய்வத்தல்

சரி, வீடியோவை விடுங்கள். நியூயார்க்கில் 1984இல் பெர்ன்ஹார்ட் கோட்ஸ் என்பவர் சுரங்க ரயிலில் நாலு பையன்களைச் சுட்டாரே? ஐந்து டாலர் கொடு என்று கேட்டதற்கு! ஒருவனைப் பார்த்து "நீ நன்றாகத்தான் இருக்கிறாய், இந்தா இன்னொன்று" என்கிற மாதிரி சொன்னதாகப் போலீசில் அவரே வாக்குமூலம் கொடுத்தார். ஆனாலும் ஜூரி கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. சாதாரண ஜனங்களுக்கு நியாயம் தெரியும்.

ஹாரோ ராசன்

கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1987இல் குற்ற வழக்கில் விடுதலைதான், அனுமதியில்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் தண்டனை. ஆனால் அந்த "இன்னொன்று" யாரைப் பார்த்துச் சொன்னதாகச் சொல்கிறாரோ அந்தப் பையன் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனான். 1996இல் அவன் போட்ட சிவில் வழக்கில் வேறொரு ஜூரி 4 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அதுவும் சாதாரண ஜனங்கள்தான். இதற்கு இடையில் அந்த நகரத்தின் மனநிலையும் மாறியிருந்தது. 1984இல் சுரங்க ரயில் என்றாலே ஆக்கள் பயந்த காலம். கோட்ஸ் வெள்ளையர், நாலு பேரும் கறுப்பர்கள். யாருடைய பயத்தை நியாயமான பயம் என்று ஊர் ஏற்றுக்கொள்கிறது என்ற கேள்வியும் அந்த வழக்கில் இருக்கிறது.

கம்பு சுத்தி

ஊரில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, உடம்பு தெரியும்.

அடி வாங்கின உடம்புக்கு ஆபத்து முடிந்த சேதி உடனே போய்ச் சேராது. காது அடைத்துப்போகும், கண்ணுக்கு எதிராளி மட்டும்தான் தெரிவான், கை தன்பாட்டுக்கு ஓடும். 11 வினாடி என்பது அந்த நிலையில் ஒன்றுமே இல்லை. அதனால் அந்தத் தம்பியின் மூன்றாவது அடியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடந்து போனான் பாருங்கள், அங்கே உடம்பு விட்டுவிட்டது. முதுகைக் காட்டி நடக்கிறவனுக்கு எதிராளி மேல் பயம் இல்லை. திரும்பி வரச் சொன்னது மனசு.

பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: அடித்த கையோடு விலகி நில், விலகினால் திரும்ப உள்ளே போகாதே. போட்டியில் பாயின்டு போகும். வெளியே என்ன போகும் என்று இங்கே பார்க்கிறோம்.

வைப்பாறு

எங்கள் தெருவில் செயின் அறுத்தவனைப் பிடித்துக் கம்பத்தில் கட்டித் தர்ம அடி கொடுத்தோம். எந்த வழக்கும் வரவில்லை. போலீஸே "நல்லா செஞ்சீங்க" என்றுதான் சொன்னது.

நீதிமன்ற வாசல்

வைப்பாறு, வழக்கு வராதது உங்கள் அதிர்ஷ்டம், சட்டம் அல்ல. கேரளத்து அட்டப்பாடி மதுவை மறந்துவிட்டீர்களா? 2018 பிப்ரவரி. அரிசி திருடினான் என்று ஓர் ஆதிவாசி இளைஞனைக் காட்டிலிருந்து பிடித்து வந்து, கையைக் கட்டி அடித்தார்கள். போலீஸ் ஜீப்பில் மருத்துவமனை போகும் வழியிலேயே இறந்துபோனான். 2023இல் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு 7 வருடம் கடுங்காவல். அடித்தவர்களில் பலர் "நாலு தட்டு தட்டினேன்" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

திருடனைத் துரத்தலாம், பிடிக்கலாம், பொருளைப் பறிக்கலாம். 43ஆம் பிரிவு, பொருள் திரும்பக் கிடைக்கும் வரையோ அவன் பொருளோடு தப்பிப் போகும் வரையோ அந்த உரிமையைத் தருகிறது. தனியாள் பிடித்து வைக்கவும் செய்யலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்கச் சொல்கிறது. கட்டிப்போட்ட ஆள் யாருக்கும் ஆபத்து இல்லை. கட்டிய பிறகு விழுகிற முதல் அடியே தற்காப்புக்கு வெளியேதான்.

தேன்மொழி

வக்கீல் சாரிடம் ஒரு கேள்வி. "ஆபத்து நீடிக்கும் வரை" என்று வினாடிக் கணக்கில் பார்ப்பது தெருச் சண்டைக்குச் சரி. பத்து வருஷம் தினமும் அடி வாங்குகிற பெண்ணுக்கு? அவன் தூங்கும்போது ஆபத்து முடிந்துவிட்டதா? விழித்தால் அடிப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவன் விழித்திருக்கும்போது திருப்பி அடிக்க அவளுக்குத் தெம்பும் கிடையாது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தது சமபலமுள்ள இரண்டு ஆண்கள்.

இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண் 1989இல், பத்து வருடச் சித்திரவதைக்குப் பிறகு, தூங்கிக்கொண்டிருந்த கணவன் மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். கொலை என்று ஆயுள் தண்டனை. பெண்கள் அமைப்புகள் போராடி, 1992இல் அது ரத்தாகி, கொலையைவிடக் குறைந்த குற்றமாக மாறி, அதுவரை இருந்த சிறையே போதும் என்று வெளியே வந்தார். அவர் செய்தது பழிதீர்ப்பதா, தற்காப்பா? இந்த இழையில் இதுவரை சொன்ன அளவுகோலை வைத்தால் பழிதீர்ப்பது. எனக்கு அது ஒப்பவில்லை.

நீதிமன்ற வாசல்

எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் தற்காப்பு என்ற கதவு வழியாக அவரை நீதிமன்றம் வெளியே விடவில்லை. மனநிலை பாதிப்பால் பொறுப்பு குறைந்தவர் என்ற கதவு வழியாகத்தான் விட்டது.

நம் ஊரிலும் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. 1989, சுயம்புக்கனி வழக்கு. கணவன் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்த பெண். குழந்தைகள் இறந்தன, அவள் பிழைத்தாள். சட்டத்தில் "கடுமையான, திடீர்க் கோபமூட்டல்" என்று மட்டும்தான் இருக்கிறது. நீண்ட நாள் சேர்ந்து வந்த கோபமூட்டலும் கொலையைக் குறைந்த குற்றமாக்கும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நல்லதங்காளை அந்தத் தீர்ப்பிலேயே நினைவுகூர்ந்தார்கள். அதுவும் தண்டனையைக் குறைக்கும், அவ்வளவுதான். "நீ செய்தது உன் உரிமை" என்று சொல்லாது. தேன்மொழி கேட்டதற்கு நம் சட்டத்தில் இன்னும் நேரான பதில் இல்லை.

ஆனால் இதைக் கடைக்காரருக்குக் கடன் கொடுக்க முடியாது. அவருக்கு ஷட்டரை இறக்கிக்கொண்டு 112க்குப் போன் போட வழி இருந்தது, அதை நோக்கித்தான் நடந்தும் போனார்.

கடைவீதிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மனைவி இழை முழுவதையும் படித்துவிட்டாள். இரவெல்லாம் வீட்டில் இதே பேச்சுதான். அந்த ஆள் தரப்பிலிருந்து ராஜியாகப் போகலாம் என்று ஒருவர் தூது வந்திருக்கிறார். மருத்துவச் செலவைக் கொடுத்தால் போதுமாம். மாமனார் "ஒரு பைசா கிடையாது" என்கிறார். மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை, கடையையும் திறக்கவில்லை. இந்த நாலாவது அடியால் முதல் மூன்றும் கெட்டுப்போகுமா?

நீதிமன்ற வாசல்

கெடாது. முதல் தாக்குதல் அவனுடையது, உங்கள் மச்சினன் கையிலும் வெட்டுக்காயம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் உடம்பில் இருக்கும் காயத்துக்குப் போலீஸ் விளக்கம் சொல்லவில்லை என்றால் அவர்கள் கதையே ஆட்டம் காணும். தற்காப்பு என்பதை நீங்கள் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அப்படி நடந்திருக்கச் சாத்தியம் அதிகம் என்று காட்டினால் போதும். நாலாவதைத் தனியாகப் பிரித்து, கோபமூட்டப்பட்ட நிலையில் செய்தது என்று பிரிவு 122க்குள் கொண்டுவரப் பார்க்கலாம். அங்கே தண்டனை குறைவு. நாலும் தற்காப்பே என்று ஒரே மூச்சில் நின்றால்தான் மூன்றும் சேர்ந்து மூழ்கும். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

ராஜி பற்றி: 118ஐ மாஜிஸ்ட்ரேட் முன்னால் சமரசம் என்று முடிக்க முடியாது. இரு தரப்பும் ஒத்துப்போனால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போட்டு இரண்டு வழக்கையும் ரத்து செய்யக் கேட்கலாம். செலவும் நாளும் பிடிக்கும்.

இன்றே செய்ய வேண்டியது: மருந்துக்கடை டி.வி.ஆரில் (கேமரா பதிவுப் பெட்டி) பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும் முன் காப்பி எடுங்கள், மின்னணுச் சாட்சியத்துக்குத் தேவையான சான்றிதழோடு. டீக்கடைப் பையனுடையதையும் சேர்த்து.

பழைய ஏட்டு

எஸ்.ஐ. கூப்பிட்டால் நாலாவது அடியைப் பற்றி அவராகக் கேட்கும் முன் வக்கீல் வாயால் வரட்டும். ஒளித்து வைத்து அப்புறம் டீக்கடை வீடியோ வெளியே வந்தால் முகம் செத்துப்போகும்.

கடைவீதிக்காரன்

நாளைக் காலை 10 மணிக்கு இரண்டு தரப்பையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வீடியோவையும் எடுத்துக்கொண்டு, வக்கீலோடு மச்சினனும் நானும் போகிறோம்.

மிளகாய்வத்தல்

மாமனாரைக் கூட்டிப் போகாதீர்கள்.